எலி அடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள்: ஆன்லைன் ஃபேன்டஸி கேமில் முதல் வாரத் தவறுகள்

"ரெண்டு மணி நேரம் ஆடினேன், எலி அடிச்சதுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு கேமை அழித்துவிட்ட நண்பர்கள் எனக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம்களில் முதல் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஊர் எல்லையில் நாலு ஓநாயை அடி, பத்து மூலிகை பறி, கிணற்றடியில் நிற்கும் கிழவரிடம் கொண்டுபோய்க் கொடு. ஆனால் ஒவ்வொருவரும் எப்படித் தொடங்கினார்கள் என்று விசாரித்தபோது, பிடிக்காமல் போனதற்குக் காரணம் கேம் இல்லை என்று புரிந்தது. எங்கோ தூரத்துச் சர்வர் (கேம் ஓடும் கணினி), தேவையில்லாத அவசரம், துணைக்கு ஆள் இல்லாதது. மூன்றுமே முதல் வாரத்திலேயே சரிசெய்திருக்கக் கூடியவை.

அதற்கு முன் வீட்டில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். நம் ஊரில் "ஃபேன்டஸி கேம்" என்றாலே பெரியவர்களுக்குப் பணம் கட்டிக் கிரிக்கெட் டீம் போடுவதுதான் ஞாபகம் வரும். பணம் வைத்து ஆடும் அந்த வகைக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தது. நாம் பேசுவது வேறு. வாளும் மந்திரமும் டிராகனும் உள்ள ஓர் உலகம், அதில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நடமாடுவார்கள். 2001இல் வந்த ரூன்ஸ்கேப், 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2 எல்லாம் இந்த வகை. இரண்டையும் ஒன்றாக நினைத்து அம்மா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. உட்கார வைத்துத் திரையைக் காட்டி விளக்கிவிட்டால் போதும்.

சர்வர் பெயரைப் படிக்காமல் ஓகே அழுத்துவது

கேம் திறந்ததும் சர்வர்களின் பட்டியல் வரும். பலர் முதலில் இருப்பதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது, ஏனென்றால் பிறகு மாற்றுவது சுலபம் இல்லை. அல்பியன் ஆன்லைன் என்ற இதே வகை கேமில் ஒரு சர்வரில் வளர்த்த கேரக்டரை இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகவே முடியாது.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் கேபிள்கள் போகின்றன. அதில் ஐ2ஐ என்ற கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால் போய்வர 32 மில்லிவிநாடி. வழியில் உள்ள கருவிகளின் தாமதமும் சேர்ந்து, பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) 40, 50 மில்லிவிநாடி என்று காட்டும். ஐரோப்பிய சர்வர் என்றால் இது 150 வாக்கில் இருக்கும், அமெரிக்கா என்றால் 200ஐத் தாண்டும்.

எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. சண்டையில் தெரியும். எதிரி மந்திரவாதி தரையில் ஒரு சிவப்பு வட்டம் போடுகிறான், ஒன்றரை விநாடிக்குள் விலக வேண்டும். பிங் அதிகமாக இருந்தால் அந்த வட்டமே உங்கள் கண்ணுக்குத் தாமதமாகத்தான் வரும். நீங்கள் விலகியதும் சர்வருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். உங்கள் திரையில் வட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள், சர்வரின் கணக்கில் உள்ளே நிற்கிறீர்கள். செத்துப்போனதும் "கேம் சரியில்லை" என்று தோன்றும். சிங்கப்பூரிலோ ஜப்பானிலோ சர்வர் உண்டா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வீட்டில் வைஃபை அடிக்கடி துண்டித்துப்போனால் மோடத்திலிருந்து நேராக ஒரு கேபிள் இழுத்துக்கொள்வதும் நல்லது.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. ஐரோப்பிய கில்ட் (சேர்ந்து ஆடும் குழு) குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கு ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரியைத் தாக்கும் சண்டை) வைத்தால் நமக்கு நள்ளிரவு 12:30. மறுநாள் காலை ஓஎம்ஆர் டிராஃபிக்கில் வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

டேங்குக்கு முன்னால் ஓடுவது

முதல் டன்ஜனில், அதாவது சின்னக் குழுவாக உள்ளே போய்ச் சண்டை போடும் இடத்தில், நான் செய்த தவறு இது. நான் வில்லாளி. பாழடைந்த கோட்டை, நீளமான நடை, இரு பக்கமும் எலும்புக்கூடு வீரர்கள். டேங்க், அதாவது குழுவுக்காக அடி வாங்கும் கேடயம் ஏந்திய வீரர், கதவருகே நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். பொறுக்காமல் நான் ஓடினேன். மூன்று எலும்புக்கூடுகள் திரும்பின, அப்புறம் ஆறு, அப்புறம் எண்ண முடியவில்லை. காயம் ஆற்றும் ஹீலர் என்னைக் காப்பாற்ற மந்திரம் போட்டார். போட்டதும் கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. பத்து விநாடியில் நால்வரும் தரையில் கிடந்தோம்.

எதிரிக்கு யார் மேல் கோபம் அதிகம் என்று கேம் உள்ளே ஒரு கணக்கு வைத்திருக்கும். ஆடுபவர்கள் அதை அக்ரோ என்பார்கள். அடித்தால் கோபம் ஏறும், காயத்தை ஆற்றினாலும் ஏறும். டேங்க் முதலில் போய் அந்தக் கோபத்தை முழுக்கத் தன் மேல் வாங்கிக்கொள்வார், ஹீலர் அவரைத் தாங்குவார், மற்றவர்கள் டேங்க் அடிப்பதையே அடிப்பார்கள். இந்த ஒழுங்கு தெரியாதவருக்கு டன்ஜன் வெறும் களேபரமாகத் தெரியும். தெரிந்தவருக்கு அது நாலு பேர் சேர்ந்து வடம் பிடிப்பது போல. உள்ளே நுழைந்ததும் "நான் புதுசு" என்று தட்டச்சு செய்துவிடுங்கள். அன்று நான் சொன்னதும் அந்த ஹீலர் கோபப்படவில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று கூடவே வந்து காட்டினார்.

குவெஸ்ட் (கேம் தரும் வேலை) வசனங்களை ஸ்கிப் செய்து லெவல் ஏற்றுவதும் இதே அவசரம்தான். எந்த கிளாஸ் (வில்லாளி, மந்திரவாதி போன்ற வகை) சிறந்தது என்று மூன்று நாள் தேட வேண்டாம். அந்தப் பட்டியல்கள் கடைசி லெவலில் ஆடுகிறவர்களுக்காகப் போடப்பட்டவை. உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

முதல் நாளே பணம் கட்டுவது

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை லெவல் 20 வரை இலவசமாக ஆடலாம். கில்ட் வார்ஸ் 2இன் அடிப்படை கேம் 2015இலிருந்து இலவசம். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் 2023 அக்டோபரிலிருந்து லெவல் 70 வரை இலவசம், ஆனால் ஒரு முறை வாங்கிவிட்டால் அந்த இலவசக் கணக்குக்குத் திரும்ப முடியாது, அப்புறம் மாதச் சந்தாதான். ஆகவே அவசரப்பட்டு வாங்காதீர்கள். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால், கேமை அழித்தாலும் சந்தா தானாக நிற்காது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இன்னொன்று, எனக்கு மனசு கஷ்டமான விஷயம். என் அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். மூன்று வாரம் சேர்த்த தங்கத்தில் ஒரு வாள் வாங்கினான். சந்தையில் ஒருவர் நட்பாகப் பேசி, "கொடு, மேம்படுத்தித் தருகிறேன்" என்றார். கொடுத்தான். அடுத்த நிமிடம் அவரைக் காணோம். "மாமா, திருப்பித் தருவாருல்ல?" என்று பெரம்பூரிலிருந்து போன் செய்தான். தரமாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொருள் மாற்றிக்கொள்ளும் டிரேடு விண்டோவில் எதிர்ப்பக்கம் ஒன்றும் வைக்காமல் யார் பொருள் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கடைசி உறுதிப் பெட்டியில் பொருளை மறுபடி பார்க்க வேண்டும், நடுவில் மாற்றிவிடுவார்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். உண்மைப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

தனியாகவே ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் ஆடினேன். ஓர் இரவு ஜெனரல் சாட்டில் "எனி தமிழ்?" என்று ஒரு வரி வந்தது. "சொல்லுங்க" என்றேன். அவர் தாம்பரம். அவர் மூலம் கொளத்தூரில் ஒருவர், அப்புறம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர். சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் நால்வரும் சேருவோம். ஒரு நாள் கடைசி பாஸ் (டன்ஜனின் பெரிய எதிரி) இருக்கும் அறை வாசலில் கொளத்தூர்க்காரரின் கேரக்டர் அப்படியே உறைந்து நின்றது. வாட்ஸ்அப்பில் "கரண்ட் போச்சு" என்று வந்தது. ரோந்து வரும் காவல் பூதங்கள் நெருங்கியபோது மூவரும் அவரைச் சுற்றி நின்று அடித்தோம். சிறிது நேரத்தில் அவர் உருவம் மறைந்தது. யாரும் உள்ளே போகவில்லை. டேங்க் கதவருகே உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். இருபது நிமிடம் கழித்து அவர் அதே இடத்தில் வந்து நின்றார்.