லின்ஸ் மின்னணுக் கலை விழாவுக்குக் கோவையிலிருந்து செல்வோருக்கு

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் 1979-இல் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் செப்டம்பர் முற்பகுதியில் ஐந்து நாட்கள் நடைபெறும் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவைக் காண விரும்புவோர், சித்திரை முடிவதற்குள் விசா வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும், கைரேகை பதிய நேரில் வரவேண்டிய நாளைப் பெறுவதற்குக் கோடை விடுமுறைக் கூட்டத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத பட்டறைக்காரர்களும் தறிக்காரர்களும் வருமானவரிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. பதிவையும் இணைப்பதோடு, ஆறு மாத வங்கிக் கணக்கில் வரவு செலவு இயல்பாகத் தெரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடம் வாங்கிய பெருந்தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டுவது ஐயத்தைத்தான் கிளப்பும்.

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லாததால், சென்னை, பெங்களூரு அல்லது வளைகுடா வழியாக வியன்னாவில் இறங்கி, விமான நிலையத்திலிருந்தே ரயில் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் லின்ஸ் சேரலாம். விழா நாட்களில் நகருக்குள் அறை கிடைப்பது அரிது என்பதால், அறையை விசாவுக்கு முன்பே, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்துவிட வேண்டும்.

சொந்தக் கருவிகளைக் கொண்டு செல்வோர் சற்று நிதானிக்க வேண்டிய இடம் விமான நிலையச் சோதனை. கருவியில் பொருத்தாத லித்தியம் பேட்டரி எதுவாயினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான் என்பதால் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கிவிடும். பிரெட்போர்டில், அதாவது பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப்பலகையில், கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும் சர்க்யூட்டை அப்படியே எடுத்துச் செல்லாமல், கம்பிகளைக் கழற்றித் தனி உறையில் போட்டு, பேட்டரியைப் பிரித்து, முழுமையாக இணைத்த நிலையில் எடுத்த படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் விளக்கம் சொல்வது எளிது. அங்கும் நம்மூரைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். ஆனால் மடிக்கணினியின் மூன்று முனைப் பிளக் அவர்களது வட்டக் குழிக்குள் நுழையாது. முதல் இரவு பேட்டரி தீர்ந்து, கைப்பேசியின் இரண்டு முனைச் சார்ஜரை மட்டும் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடாப்டரைக் கோவை கிராஸ்கட் ரோட்டிலேயே வாங்கிவிடுங்கள்.

லின்ஸ் உருக்காலை நகரம். பவுண்டரியும் லேத்தும் சூழ வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 2015 முதல் பல ஆண்டுகள் விழாவின் மையமாக இருந்த போஸ்ட்சிட்டி, ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள பழைய அஞ்சல் பிரிப்பு நிலையம். பார்சல்கள் வழுக்கி இறங்கிய சுருள் சரிவுகள் அப்படியே நிற்க, அவற்றினிடையே படைப்புகளை வைத்திருந்தார்கள். டான்யூப் ஆற்றின் கரையிலுள்ள ஆர்ஸ் எலெக்ட்ரானிகா மையத்தில் 16 மீட்டர் அகலமும் 9 மீட்டர் உயரமும் கொண்ட சுவரிலும், அதே அளவிலான தரையிலும் படம் விழும் அரங்கு இருக்கிறது. அதற்கு இருக்கை குறைவு என்பதால் காலையிலேயே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு ஐந்தாறு படைப்புகள் போதும். ஒரு படைப்பின் முன் நின்றதும் விளக்கப் பலகையைப் படிக்காமல், உணரி (சென்சார்) எங்கே இருக்கிறது, அது ஒளிக்கு அசைகிறதா, தொடுதலுக்கா, ஒலிக்கா என்று முதலில் தேடுங்கள். மோட்டார் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்பவர்கள் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு அது கைவந்த வேலை. அதன் பிறகு பலகையைப் படித்தால், கலைஞர் சொல்ல நினைத்ததும் எந்திரம் செய்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பது விளங்கும். படைப்பு பழுதாகி நின்றால் நகர்ந்துவிடாதீர்கள். திருப்புளியும் கையுமாக வந்து மூடியைத் திறப்பவர் பெரும்பாலும் அதைச் செய்தவராகவே இருப்பார், அப்போது கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த உரையரங்கிலும் கிடைக்காது.

வழக்கமாகச் சனிக்கிழமை மாலை டான்யூப் கரைப் பூங்காவில் 'கிளாங்வோல்க்கெ', அதாவது ஒலிமேகம், கட்டணமின்றி நடைபெறுகிறது. 1979-இல் இசையமைப்பாளர் புரூக்னரின் எட்டாம் சிம்பொனியை ஒலிபெருக்கிகள் வழியே திறந்தவெளியில் பரப்பித் தொடங்கிய நிகழ்ச்சி அது. ஆற்றுக்காற்று குளிரும் என்பதால் ஊட்டிக்கு எடுத்துச் செல்லும் ஸ்வெட்டர் அவசியம். அந்த ஊரில் சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு கடைகளை அடைத்துவிடுவார்கள், ஞாயிறன்று பெரும்பாலானவை திறப்பதும் இல்லை. ஆகவே மறுநாளைக்கான ரொட்டி, தயிர், பழங்களை வாங்கி அறையில் வைத்துவிட்டுத்தான் ஆற்றங்கரைக்குக் கிளம்ப வேண்டும்.