வாசல் தோட்டத்தை முதலில் ஓரம் வெட்டுங்கள்

வீட்டு முகப்பு பளிச்சென்று தெரிய உடனே புதுச் செடி வாங்கப் போக வேண்டாம். முதலில் பாத்தியின் ஓரத்தைச் சரிசெய்யுங்கள். கூரான மண்வெட்டியால் புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் சிறு வாய்க்கால் போல வெட்டிவிட்டால், கோடு தெளிவாகத் தெரியும். புல்லும் சீக்கிரம் உள்ளே படராது.

அப்புறம் களையெடுத்து, காய்ந்த இலைச்சருகையோ மரப்பட்டைத் துண்டுகளையோ 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். மண்ணில் ஈரம் நிற்கும், வெளிச்சம் படாததால் களையும் குறையும். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகிவிடும். நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

கதவருகே தொட்டி வைப்பதானால், பத்துச் சின்னத் தொட்டிகளைவிட இரண்டு பெரியவை மேல். மண் சீக்கிரம் காயாது. வண்ணக் கற்கள்? எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சருகு விழுந்தால் பொறுக்கி மாளாது.