டிசம்பர் காலையில் ஒரு படிக்கட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு டிசம்பர் வந்தால் நிற்க நேரமிருக்காது. அச்சு முறுக்கு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வரும் கேரல் குழுவுக்குச் சாப்பாடு, கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்கள். போன வருடம் நவம்பர் 30ஆம் தேதி மாலை, எண்ணெய்ச் சட்டிமுன் நின்றபடி மகள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் மாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். இரவெல்லாம் தூக்கமில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகுமுன் லயத்து வீட்டில் விளக்கேற்றி ஜெபிக்கும் பாட்டி நினைவுக்கு வந்தார். மறுநாள் ஐந்து மணிக்கு, கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் பின்வாசல் படியில் வேதாகமத்தோடு உட்கார்ந்தேன். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள்வரை நாளுக்கு ஒன்று.

முதல் அதிகாரம் 80 வசனம், நீளம்தான். மகன் பிறப்பான் என்று தூதன் சொன்னதை நம்பாத சகரியா, குழந்தைக்குப் பெயரிடும் நாள்வரை பேச முடியாமல் இருந்தார். அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கும் அந்த மௌனம் வேண்டியிருந்தது. “ஆண்டவரே, இன்று என் நாவைக் காத்தருளும்” என்று மட்டும் ஜெபித்தேன்.

வேலை குறையவில்லை, நெஞ்சின் படபடப்பு அடங்கியது. ஒரு வாரம் கழித்து, இரண்டு குவளை காப்பியோடு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்று எந்த அதிகாரம் அம்மா?”