நறுக்காதீர்கள், மடியுங்கள்: சி.பி. ரேடியோ ஆன்டெனாவைச் சரிசெய்யும் முறை

சி.பி. ரேடியோவுக்கு (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலிக்கு) நான் கட்டிய முதல் கிரவுண்டு பிளேன் ஆன்டெனா, அதாவது ஒரு நிமிர்ந்த கம்பியும் அதன் அடியில் நாலாபுறமும் விரியும் ரேடியல் கம்பிகளும் கொண்டது, நீளம் கூடுதல் என்று தெரிந்ததும் ஒரே வெட்டில் 20 சென்டிமீட்டரை இழந்தது. அளவு தாண்டிப்போனது, கம்பியை ஒட்டவைக்க வழியில்லை. அன்றிலிருந்து நறுக்குவதில்லை, மடிக்கிறேன்.

சி.பி. இயங்கும் 27.2 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 275 சென்டிமீட்டர். கம்பியில் இது ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கி 262 அளவில் வந்து நிற்கும். ஆனாலும் நிமிர்ந்த கம்பியை 275லேயே தொடங்குங்கள். நிமிர்ந்த கம்பி கேபிளின் நடுக்கம்பியோடும், நான்கு ரேடியல்கள் வெளிப்பின்னலோடும் சேர வேண்டும்.

மின்கம்பிகளுக்கு எட்டாத இடத்தில், நிலையாக நிற்கப்போகும் உயரத்திலேயே நிறுத்தி அளந்து பாருங்கள். தரையருகே எடுத்த அளவு மேலே மாறிவிடும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனா ரேடியோவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கருவி; 1க்கு நெருங்க நெருங்க நல்லது) ரேடியோவுக்கும் கேபிளுக்கும் இடையில் இணைத்து 1, 20, 40ஆம் சேனல்களில் சில விநாடிகள் மட்டும் ஒலிபரப்புங்கள். மீட்டர் 3ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிட்டு இணைப்புகளைச் சோதியுங்கள். ரேடியோவின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது.

1ஆம் சேனலில் 1.6, 40இல் 1.9 என்று வந்தால் கம்பியின் நீளம் கூடுதல். தலைகீழாக வந்தால் குட்டை. நீளமென்றால் நுனியை 3 சென்டிமீட்டர் பின்னால் மடித்துக் கம்பியோடு இறுக்கிச் சுற்றுங்கள். மறுபடி அளவெடுங்கள். 1 சென்டிமீட்டர் குறைந்தால் ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக அதிரும் அலைவெண்) 100 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது சுமார் 10 சேனல், மேலே நகரும். ஆகவே நெருங்க நெருங்க அரை சென்டிமீட்டராக மடியுங்கள். 1லும் 40லும் ஒரே அளவு வந்தால் நீளம் சரி.

1, 40 இரண்டு சேனலிலும் அளவு சமமாகியும் 20இல் 1.5க்குக் கீழே இறங்கவில்லையா? இனி நிமிர்ந்த கம்பியைத் தொடாதீர்கள். பலர் இங்கேதான் தொடர்ந்து நறுக்கிக் கெடுக்கிறார்கள். ரேடியல்கள் கிடையாக இருந்தால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமுக்கு வெகு கீழே கிடக்கும்; 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால் 50ஐ நெருங்கும். நான்கையும் ஒன்றுபோலச் சாயுங்கள். பிறகு நீளத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள், சாய்வு அதையும் கொஞ்சம் நகர்த்தும்.

ஒருநாள் மாலை ஒலிபரப்பும்போது தற்செயலாகக் கேபிளைப் பிடித்தேன். மீட்டரின் முள் 1.8இலிருந்து 1.4க்கு இறங்கியது. கையை எடுத்தேன், ஏறியது. கேபிளின் வெளிப்பக்கத்திலும் மின்னோட்டம் ஓடி, கேபிளே ஆன்டெனாவின் பகுதியாகியிருந்தது. அப்படிப்பட்ட அளவை நம்பி மடித்தால் எல்லாம் வீண். ரேடியல்கள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே கேபிளை 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அதன்பின் கேபிளை எங்கே பிடித்தாலும் முள் அசையவில்லை.

கடைசியாக, மடித்த நுனியில் சாலிடர் வையுங்கள். கேபிள் சேரும் இடத்தில் நீர் புகாத பட்டையைச் சுற்றுங்கள். மழை பெய்த மறுநாள் 1, 20, 40 மூன்றிலும் மீண்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.