மூழ்கிய சம்பாவுக்கு அவசரப்பட்டு யூரியா போடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வயல் மூழ்குவது திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்குப் புதிதல்ல. தண்ணீர் வடிந்த அன்றைக்கே யூரியா மூட்டையோடு வயலில் இறங்குகிறோமே, அதை முதலில் நிறுத்த வேண்டும். பயிர் பிழைத்ததா என்று பார்க்காமல் போடும் உரம் வீண்.

நெல் முழுக்க மூழ்கினால், அதற்குள் உண்டாகும் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. உடனே பயிர் தண்ணீருக்கு மேலே வரப் பார்த்து இலையை நீட்டும். தண்டில் சேர்த்து வைத்த சத்தெல்லாம் இதற்கே போய்விடும். அப்புறம் தண்ணீர் வடிந்தால் நிற்கத் தெம்பில்லாமல் சாயும். சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகம் அப்படிச் செய்யாது. வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லிலிருந்து வந்த குணம் அது. பள்ளக்கால் வயலுக்கு இதையே விதையுங்கள்.

மூழ்கிவிட்டதா? முதல் வேலை வடிகாலை வெட்டிவிடுவது. ஆனால் நிலம் வெடிக்கும்படி காயவிடக் கூடாது, ஈரம் இருக்கட்டும். நாலைந்து நாள் பொறுத்து, அங்கங்கே ஒரு குத்தைப் பிடுங்கி அடித்தண்டைக் கீறிப் பாருங்கள். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பயிர் பிழைத்தது. பழுப்பாகிக் குழைந்து நாறினால் போனதுதான். இலை கருகியதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

புது இலை எட்டிப் பார்த்ததும் உரம் வைக்கலாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். இலை வெளுத்திருந்தால் 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் கரைத்துத் தெளிக்கலாம்.

சரி, பயிர் போய்விட்டது, மறுநடவுதான் என்றால் ரகத்தை யோசித்து எடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகங்கள் இரவு நீள்வதைப் பார்த்துத்தான் கதிர் விடும். நம் பக்கம் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நேரத்தில் ஒன்றே கால் மணி நேரம்தான் வித்தியாசம். அதையே அந்த நெல் கண்டுகொள்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கதிர் வரும் காலம் அதிகம் தள்ளாது. கார்த்திகையில் நட்டால் தூர் கட்ட, அதாவது பக்கத் தண்டுகள் விட, நேரமில்லாமல் பயிர் குட்டையாக இருக்கும்போதே கதிர் தள்ளிவிடும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத, 110 நாளில் விளையும் ஏ.டி.டி. 36 போன்றதே அப்போது சரி.

இன்னொன்று. பழைய சம்பா போட்ட வயலோரம் தெருவிளக்கு இருந்தால், வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் கதிர் தாமதமாகும். விளக்கைச் சாலைப் பக்கம் திருப்பச் சொல்லி ஊராட்சியில் புரட்டாசிக்குள் கேட்டு வாங்குங்கள்.