மூச்சை அடக்கும் முன்: வெளிமூச்சில் தொடங்கும் யோகப் பயிற்சி

யோகம் பயிலத் தொடங்குகிறவர்களில் பலருக்குப் பிராணாயாமம் என்றதும் நினைவுக்கு வருவது, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, முகம் சிவக்கும்வரை அடக்கி வைப்பதுதான். கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துப் பயில்கிறவர்கள் சிலர் ஒரு படி மேலே போய், தொடக்கத்திலேயே விரைந்து மூச்சுவிடும் பயிற்சிகளான கபாலபாதியையும் பஸ்திரிகாவையும் வேகவேகமாகச் செய்து, அதனால் வரும் தலைசுற்றலைப் பயிற்சியின் பலன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைச் சொல்கிறது. முதலில் உடலை அமர்த்துதல், பிறகு வெளிமூச்சை நீட்டுதல், அதன்பின் இரு நாசிகளிலும் மாற்றி மாற்றி மூச்சுவிடுதல், இறுதியில் எண்ணிக்கையையும் விட்டுவிட்டுத் தியானத்தில் இருத்தல் என்பதே அந்த வரிசை. மூச்சை அடக்கும் கும்பகத்துக்கு இதில் இடமில்லை. அதன் காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

பயிற்சிக்குள் நுழையும் முன் அதன் பின்னுள்ள தத்துவத்தைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. பதஞ்சலியின் யோக சூத்திரம், சித்தத்தின் அலைவுகள் அடங்குவதே யோகம் என்று தன் இரண்டாவது சூத்திரத்திலேயே சொல்லிவிடுகிறது. இன்று யோகம் என்ற பெயரில் பெரும்பாலும் கற்பிக்கப்படும் ஆசனத்துக்கு அந்நூலில் மூன்று சூத்திரங்களே உள்ளன. அவற்றுள் முதலாவது, ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்கிறது. ஆசனம் கைகூடிய பிறகே, உள்மூச்சு வெளிமூச்சுகளின் ஓட்டத்தை ஒழுங்கு செய்யும் பிராணாயாமம் என்று அம்மூன்றுக்கும் அடுத்த சூத்திரம் தொடங்குகிறது. இந்த முன்பின் வரிசையைப் பலரும் கவனிப்பதில்லை. முதுகு வலியோடு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவரின் மூச்சு ஒருநாளும் சீராகாது என்பதைச் சில நிமிடம் அமர்ந்து பார்த்தவர் எவரும் ஒப்புக்கொள்வார்.

தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளையும் விரித்துரைக்கிறார். தவிர்க்கவேண்டியவற்றைச் சொல்லும் ஒழுக்கமாகிய இயமத்தில் பதஞ்சலி ஐந்தைச் சொல்ல, திருமூலரின் பட்டியல் அதைவிட நீளமானது. கொல்லாமை, பொய் கூறாமை, களவு செய்யாமை ஆகியவற்றோடு நடுநிலை தவறாமையும் பகுத்துண்பதும் அதில் அடங்கும். இவை மூச்சுப் பயிற்சிக்குத் தொடர்பில்லாத நீதிபோதனைகள் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பகலில் ஒருவரிடம் சொன்ன பொய்யோ, ஒருவருக்குச் சேரவேண்டியதைத் தராமல் வைத்துக்கொண்டதோ, மாலையில் கண்மூடி அமரும்போது தவறாமல் முன்னால் வந்து நிற்கும். ஒழுக்கம் தியானத்துக்கான முன்னேற்பாடு என்று முன்னோர் வைத்ததில் இந்த நடைமுறைக் காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். காலையில் வயிறு காலியாக இருக்கும் நேரம் சிறந்தது; மாலையில் செய்வதானால் உணவுக்குப் பின் மூன்று மணிநேரமாவது கழியவேண்டும். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், ஆனால் மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்கவேண்டாம். அமர்வதற்கு முன் பத்து நிமிடம் எளிய ஆசனங்களைச் செய்வது உடலின் விறைப்பை நீக்கும். நின்றபடி கைகளை மேலே உயர்த்தி இறக்குதல், முழங்காலும் உள்ளங்கையும் தரையில் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்தும் மார்ஜாரி ஆசனம், மல்லாந்து படுத்து முழங்கால்களை வயிற்றோடு சேர்க்கும் பவனமுக்தாசனம் ஆகியவை போதும். இவற்றைச் செய்யும்போதே மூச்சோடு அசைவை இணைக்கவேண்டும்: உடல் விரியும்போதும் கைகள் உயரும்போதும் உள்மூச்சு, உடல் மடங்கும்போது வெளிமூச்சு. மைசூரில் கற்பித்து, 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் கற்பிப்பு முறையில் இந்த இணைப்பு மையமான இடம் பெற்றிருந்தது. அசைவின் நீளத்தை மூச்சு முடிவு செய்யட்டும். அசைவுக்கு ஏற்ப மூச்சை இழுக்கவேண்டாம்.

அமர்வதற்குப் பத்மாசனம் கட்டாயமில்லை. இடுப்பு முழங்கால்களைவிடச் சற்று உயரமாக இருப்பதே முக்கியம் என்பதால், மடித்த போர்வையையோ கெட்டியான தலையணையையோ இடுப்புக்கு அடியில் வைத்துச் சம்மணமிட்டு, அதாவது சுகாசனத்தில், அமரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில், சாயாமல், இரு பாதங்களும் தரையில் முழுவதும் படும்படி அமரலாம். இதனால் பயிற்சிக்கு எந்தக் குறையும் வராது.

முதல் சில நாட்களுக்கு மூச்சை மாற்ற முயலாமல் கவனிக்க மட்டும் செய்யவேண்டும். மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றின் மீதும் மற்றொரு கையை மார்பின் மீதும் வைத்துக்கொண்டால், எந்தக் கை முதலில் உயர்கிறது என்பது தெரியும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழிறங்கும்போது வயிறு மெல்ல உயரும். அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மார்பும் தோள்களும் மட்டும் உயர்ந்து தாழ்ந்தால் மூச்சு மேலோட்டமாக இருக்கிறது என்று பொருள். வயிற்றை வலிந்து தள்ளாமல், வெளிமூச்சை முழுமையாக விட்டாலே அடுத்த உள்மூச்சு தானாக அடிவயிறுவரை இறங்குவதைக் காணலாம்.

இதுதான் இந்த வழிகாட்டியின் மையமான செய்தி: வெளிமூச்சு சரியானால் உள்மூச்சு தானே சரியாகும். உள்மூச்சு எடுக்கும்போது இதயம் சற்று விரைவாகவும், வெளிமூச்சின்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதன் மீது செலுத்தும் கட்டுப்பாடு வெளிமூச்சின்போது மிகுவதே இதன் காரணம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சுவிட்டுப் பார்த்தால், குறிப்பாக இளம் வயதினர், இந்த வேறுபாட்டை விரல் நுனியிலேயே உணரலாம். ஆழ்ந்து மூச்சிழுத்தால் இரத்தத்தில் பிராணவாயு மிகுதியாகச் சேரும் என்று அடிக்கடி சொல்லப்படுவது பெரிதும் பொருத்தமற்றது. உடல்நலத்தோடு இருப்பவரின் இரத்தத்தில் அது சாதாரண நிலையிலேயே ஏறத்தாழ நிறைந்த அளவில்தான் இருக்கிறது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரல்களில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் தலைச்சுற்றலும் வரும். மெதுவான மூச்சின் நன்மை நரம்பு மண்டலத்தின் வழியாக வருகிறது.

எண்ணிக்கைக்குக் கடிகாரம் வேண்டாம். கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் ஒரு மாத்திரை என்று தமிழ் இலக்கணம் வகுத்தது. அந்த அளவைவிடச் சற்று நிதானமாக மனத்துக்குள் எண்ணினால் போதும். எண்ணத் தொடங்கும் முதல் வாரத்தில் நான்கு எண்ணும்வரை உள்மூச்சு, நான்கு எண்ணும்வரை வெளிமூச்சு, இரண்டும் மூக்கின் வழியாகவே. இது இயல்பாகிவிட்ட பிறகு உள்மூச்சை நான்கிலேயே நிறுத்தி, வெளிமூச்சை ஐந்தாகவும் பின்னர் ஆறாகவும் நீட்டலாம். ஒரு எண் ஒரு விநாடி என்று கொண்டால், நான்கும் ஆறும் சேர்ந்து பத்து விநாடி, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது பொதுவாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு விடுவதை எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு மெதுவானது என்பது விளங்கும். வெளிமூச்சின் முடிவில் அடுத்த மூச்சை அவசரமாக இழுக்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை அதிகம் என்று பொருள், ஒன்று குறைத்துக்கொள்ளவேண்டும். ஐந்து நிமிடம் இதைச் செய்து முடித்த பின்பும் முகத்தசைகள் தளர்ந்திருக்கவேண்டும். முன்னேற்றத்துக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இது சில வாரங்கள் கைவந்தபின், இரு நாசிகளிலும் மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்திக்குப் போகலாம். இடது நாசியின் ஓட்டத்தை இடகலை என்றும் வலது நாசியின் ஓட்டத்தை பிங்கலை என்றும் யோக நூல்கள் குறிப்பிடுகின்றன. இரண்டும் சமமாகும்போது மூச்சு நடுநாடியாகிய சுழுமுனையில் செல்லும் என்பது அவற்றின் கொள்கை. வலக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடித்து, பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியில் மூச்சை உள்ளே எடுக்கவேண்டும். பிறகு மோதிர விரலால் இடது நாசியை மூடி, வலது நாசியில் மூச்சை விடவேண்டும். அடுத்து வலது நாசியிலேயே உள்ளே எடுத்து, இடது நாசியில் விட்டால் ஒரு சுற்று முடியும். ஆறு சுற்றில் தொடங்கலாம். விரல்கள் மூக்கை நசுக்காமல், எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில் இலேசாகத் தொட்டால் போதும். ஒரு நாசி எப்போதும் மற்றதைவிட அடைத்திருப்பதாகத் தோன்றினால் கவலைப்படவேண்டாம். சில மணிநேரத்துக்கு ஒருமுறை நாசிகள் முறைமாறித் திறப்பது உடலின் இயல்பே. சளி பிடித்திருக்கும் நாட்களில் மட்டும் இதை விட்டுவிட்டு, முன்பு சொன்ன எண்ணிக்கை மூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கும்பகத்தைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். "ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால்" என்று தொடங்கும் திருமந்திரப் பாடல், இடது நாசியில் பதினாறு மாத்திரை பூரகம் எனும் உள்மூச்சு, அறுபத்து நான்கு மாத்திரை கும்பகம், முப்பத்திரண்டு மாத்திரை இரேசகம் எனும் வெளிமூச்சு என்று கணக்குச் சொல்கிறது. கூட்டினால் ஒரே மூச்சுக்கு 112 மாத்திரை. இந்தப் பாடலைப் படித்துவிட்டு நேரே அறுபத்து நான்கை எட்ட முயல்வது, பாடலைத் தவறாகப் படிப்பதாகும். இயமம், நியமம், ஆதனம் ஆகிய மூன்றையும் கடந்து வந்தவருக்குச் சொல்லப்பட்ட கணக்கு அது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை என்னும் யோக நூலும், சிங்கத்தையும் யானையையும் புலியையும் சிறிது சிறிதாகப் பழக்குவதுபோலவே பிராணனையும் வசப்படுத்தவேண்டும், இல்லையேல் அது பயில்கிறவரையே கொல்லும் என்று எச்சரிக்கிறது. ஆகவே கும்பகத்தை, உங்கள் மூச்சை நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஆசிரியர் ஒருவரிடம் மட்டுமே கற்கவேண்டும். முதல் நாளிலேயே மூச்சை அடக்கச் சொல்பவரிடமும், உங்கள் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதவரிடமும் அதைக் கற்கவேண்டாம்.

உயர் இரத்த அழுத்தம், இதயநோய், கண் அழுத்த நோய், குடலிறக்கம் ஆகியவை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் கும்பகம், கபாலபாதி, பஸ்திரிகா மூன்றையும் தவிர்க்கவேண்டும். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர்கள் மூச்சுப் பயிற்சியை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் பதற்றம் கூடுகிற சிலரும் உண்டு. அவர்கள் கண்களைத் திறந்துவைத்துக்கொண்டு, பாதங்கள் தரையில் படும் உணர்வின் மீது கவனத்தை வைக்கலாம்.

நாடிசுத்தி முடிந்ததும் கையை மடியில் இறக்கி, எண்ணுவதை நிறுத்திவிட்டு, மூச்சை அதன் போக்கில் விடவேண்டும். தியானம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பதஞ்சலி இதை இரண்டு படியாகப் பிரிக்கிறார்: சித்தத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை, அந்த ஒரே நினைவு அறுபடாமல் ஓடுவது தியானம். தொடக்கத்தில் நமக்குக் கிடைப்பது தாரணை மட்டுமே, அதுவும் விட்டுவிட்டு. நாசி நுனியில் காற்று படும் உணர்வையோ, விருப்பமுள்ளவர்கள் வழிபடும் தெய்வத்தின் பெயரையோ பற்றுக்கோடாக எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கொன்றாக மாற்றாமல் இருந்தால் சரி. மனம் வீட்டுக் கடனுக்கோ மகளின் தேர்வுக்கோ ஓடியிருப்பதை உணர்ந்த கணத்தில், அதைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் பற்றுக்கோட்டுக்குக் கொண்டுவரவேண்டும். அப்படித் திரும்பக் கொண்டுவருவதே பயிற்சி. எண்ணமே எழாத வெறுமையை எதிர்பார்த்து அமர்கிறவர்கள்தான் விரைவில் சலித்து விட்டுவிடுகிறார்கள். முதலில் ஐந்து நிமிடம் போதும், பின்னர் பதினைந்துவரை நீட்டலாம்.

எழும்போது அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று முறை சற்று ஆழமாக மூச்சுவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களின் மேல் வைத்து, பிறகு கால்களை நீட்டி மரத்துப்போயிருந்தால் பிடித்துவிட்டு எழவேண்டும். ஆசனம், மூச்சு, தியானம் மூன்றுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஒதுக்க முடியாத நாளில், ஆசனத்தைச் சுருக்கி மூச்சுக்கும் தியானத்துக்கும் ஐந்தைந்து நிமிடம் தரலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் எதுவும் செய்யாமல் ஓய்வெடுத்து, உடல் தேறியபின் நின்ற இடத்திலிருந்து தொடராமல் நான்குக்கு நான்கு என்ற எண்ணிக்கையிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.