பையன் தெக்கோங் தீவுக்கு ராணுவப் பயிற்சிக்குப் போறானா? என்எஸ் பண்ணாத அப்பா அம்மாவுக்கு ஒரு கைடு

சிங்கப்பூர்லயே பொறந்து வளந்த அப்பாக்களுக்கு இது அவ்வளவா தேவைப்படாது, அவங்களே என்எஸ் (நேஷனல் சர்வீஸ், கட்டாய ராணுவ சேவை) முடிச்சவங்க, பையனுக்கு என்ன பேக் பண்ணணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவாங்க. நான் இத எழுதறது எங்கள மாதிரி ஊர்லேந்து வேலைக்கு வந்து, பிஆர் (நிரந்தரவாசம்) எடுத்து, பையன இங்கயே பள்ளிக்கூடத்துல போட்டு, ஒரு நாள் என்எஸ்க்கு கூப்பிடற சிஎம்பிபி ஆபீஸ்லேந்து லெட்டர் வந்ததும் என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறவங்களுக்கு. நானும் எங்க வீட்டுக்காரரும் கும்பகோணத்துப் பக்கம், ரெண்டு குடும்பத்துலயும் யாரும் பட்டாளத்துப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல, பக்கத்து வீட்டு சீன அங்கிள்தான் எங்களுக்கு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தாரு. அவரு சொன்னதும் நாங்க பாத்ததும் சேத்துதான் இது.

முதல்ல சட்டம், இத சுருக்கமா முடிச்சிடறேன். 1967லேந்து இங்க என்எஸ் இருக்கு, முன்னாடி பல பேருக்கு ரெண்டரை வருஷம், 2004 கடைசிலேந்து எல்லாருக்கும் ரெண்டு வருஷம். வேலை பாஸ்ல வந்து பிஆர் எடுத்த அப்பாவுக்கு கிடையாது, ஆனா அப்பா அம்மா மூலமா பிஆர் ஆன பையனுக்கு கண்டிப்பா உண்டு, பதினாறரை வயசுல ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும். ஜேசியோ (ஜூனியர் காலேஜ்) பாலியோ (பாலிடெக்னிக்) முடிக்கற வரைக்கும் தள்ளிப் போடலாம், யூனிவர்சிட்டிக்காகத் தள்ளிப் போட விடமாட்டாங்க, ஆனா இங்க இருக்கற யூனிவர்சிட்டிங்க அட்மிஷன் கொடுத்துட்டு சீட்ட பத்திரமா வச்சிருப்பாங்க, அதனால படிப்பு போயிரும்னு பயப்படாதீங்க. ஊர்ல சொந்தக்காரங்க "பிஆர சரண்டர் பண்ணிட்டு பையன இங்க கூட்டிட்டு வந்துரு"ன்னு ஈசியா சொல்லுவாங்க. அப்படி பண்ணா பின்னாடி அந்தப் பையன் இங்க படிக்கவோ வேலை பாக்கவோ அப்ளை பண்றப்ப அது கணக்குல வரும், அதையும் அவங்ககிட்ட சொல்லுங்க. முடிவு பண்றதுன்னா பையன் சின்ன வயசுலயே பண்ணுங்க, பதினேழு வயசுல அவன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போறப்ப இவன மட்டும் பிச்சி எடுத்துட்டுப் போறது பெரிய பாவம்னு நான் நெனைக்கறேன்.

மெடிக்கல் செக்கப்தான் நெஜமாவே முக்கியம், இதுக்கு டைம் ஒதுக்குங்க. இதுல வர்ற பெஸ் கிரேட (உடல் தகுதித் தரம்) வச்சுதான் அவன் எந்த மாதிரி டிரெய்னிங் போவான்னு முடிவாகும். சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா, எப்பவாவது மயக்கம் போட்டானா, எலும்பு முறிஞ்சுதா, ஊர்ல ஏதாவது டாக்டர்கிட்ட காட்டினீங்களா, அந்தப் பேப்பர் எல்லாத்தையும் தேடி எடுங்க, பழைய சீட்டு கெடைக்கலன்னா அந்த டாக்டர்கிட்டயே கேட்டு ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க. நம்ம ஆளுங்கள்ல ரெண்டு வகை உண்டு, "எங்க பையனுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு கௌரவத்துக்காக மறைக்கறவங்க, லேசான வேலை கெடைக்கும்னு இல்லாதத இருக்குன்னு சொல்றவங்க. ரெண்டும் வேணாம். இந்த வெயில்ல, இந்தப் புழுக்கத்துல, மூட்டைய தூக்கிட்டு நடக்கப் போறவன் அவன், மறைச்ச வீசிங் அங்கதான் வெளிய வரும்.

ஃபிட்னஸ் பத்தி ஒரு விஷயம். போறதுக்கு முன்னாடியே ஐபிபிடிங்கற ஃபிட்னஸ் டெஸ்ட் எடுக்கலாம், புஷ்அப், சிட்அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். அதுல நல்ல மார்க் எடுத்தா ரெண்டு வருஷத்துல ரெண்டு மாசம் கிட்ட குறையும். பையன் காதுல இத மட்டும் போட்டு விடுங்க, மத்தத அவனே பாத்துப்பான், நீங்க காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி ஓட விடவேணாம்.

பேக்கிங்குக்கு லெட்டர்லயே லிஸ்ட் இருக்கும், அத அப்படியே ஃபாலோ பண்ணுங்க. யூனிஃபார்ம், பூட்ஸ் எல்லாம் அங்கயே கொடுத்துருவாங்க. லிஸ்டுக்கு மேல பக்கத்து வீட்டு அங்கிள் சொல்லி நாங்க வாங்கினது: தண்ணி பூந்தாலும் ஓடற சாதா வாட்ச், கொஞ்சம் பெரிய சைஸ் ஜிப்லாக் பை நெறைய (மழைல சாக்ஸும் உள் டிரெஸ்ஸும் நனையாம இருக்க), பேர் எழுத அழியாத மார்க்கர், வேர்க்குரு பவுடர், கொசு மருந்து, கால் கொப்பளத்துக்கு பிளாஸ்டர், நல்ல பூட்டு. பூட்டுக்கு ரெண்டாவது சாவி ஒண்ணு வீட்ல வச்சுக்கோங்க. செயின், காப்பு, கடுக்கன் எல்லாம் வீட்லயே கழட்டிட்டுப் போகட்டும். முறுக்கு, அதிரசம், ஊறுகா பாட்டில் எல்லாம் பைக்குள்ள திணிக்காதீங்க, அன்னிக்கு வேற நெறைய தூக்க வேண்டியிருக்கும் அவனுக்கு. சைவம்னா அத முன்னாடியே சொல்லிருங்க, குக்ஹவுஸ்ல (சாப்பாட்டுக் கூடம்) வெஜிடேரியன் தனியா உண்டு, ஹலாலும் உண்டு. முடிய இங்கயே ஒட்ட வெட்டிக்கிட்டா நல்லது, எப்படியும் அங்க பொட்டாக் (மொட்டை) பண்ணிருவாங்க, தெரியாத தலையோட அவன முதல் தடவ அங்க வச்சுப் பாக்கறத விட வீட்லயே பாத்துப் பழகிக்கலாம்.

அந்த நாள்

பாசிர் ரிஸ் பக்கமா வந்து, சாங்கில இருக்கற எஸ்ஏஎஃப் (சிங்கப்பூர் ராணுவம்) ஃபெர்ரி டெர்மினலுக்குப் போய், அங்கேந்து படகு. புலாவ் தெக்கோங் தனித் தீவு, ஜொகூர் பக்கத்துல, படகுல ரொம்ப நேரம்லாம் ஆகாது, உக்காந்து பேக சரி பண்றதுக்குள்ள கரை வந்துரும். நம்மளையும் கூட அழைச்சிட்டுப் போறாங்க, இது ஒரு பெரிய விஷயம், எத்தன பேர் வரலாம்னு லெட்டர்ல இருக்கும், தம்பி தங்கச்சி இருந்தா கூட்டிட்டுப் போங்க. பசங்க படுக்கற பங்க் காட்டுவாங்க, டிரெய்னிங் என்னன்னு சொல்லுவாங்க, உறுதிமொழி எடுக்கறத பாக்கலாம், குக்ஹவுஸ்ல அவங்க சாப்பிடற சாப்பாட்டையே நமக்கும் போடுவாங்க. எனக்கு அந்த பங்க் பாத்ததுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. இரும்புக் கட்டில், ஒரு அலமாரி, மேல ஃபேன், ஜன்னல் வழியா நல்ல காத்து, இத்தன நாளா நான் மனசுக்குள்ள கட்டி வச்சிருந்த எடம் வேற. அதனால லீவு கெடைக்கலன்னு யாராவது ஒருத்தரோட அனுப்பிடாதீங்க, ரெண்டு பேரும் போங்க.

அவன் இருக்கப் போற கம்பெனிய (அவனோட படைப்பிரிவு) கான்டாக்ட் பண்ற நம்பர அன்னிக்கே கேட்டு எழுதிக்கோங்க. கெளம்பறப்ப அழுகை வந்தா அழுங்க, யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க, அங்க மலாய்க்காரம்மா, சீனம்மா எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான் நிக்கறாங்க. ஆனா கையப் புடிச்சுக்கிட்டு "ஒழுங்கா சாப்பிடு, யாரோடயும் சண்டை போடாத, சார்ஜன்ட் திட்டினா பொறுத்துக்கோ"ன்னு நீளமா ஆரம்பிக்காதீங்க. அதெல்லாம் முந்தின நாள் ராத்திரியே சொல்லி முடிச்சிருங்க. அங்க நிக்கறப்ப அவன் பக்கத்துல இருக்கற பசங்களப் பாத்துக்கிட்டு இருப்பான், அடுத்த ரெண்டு மாசம் அவங்களோடதான் அவனுக்கு வாழ்க்கை, அந்தப் பசங்களுக்கும் ஒரு ஹலோ சொல்லிட்டு வாங்க.

முதல் ரெண்டு வாரம் கிட்ட கன்ஃபைன்மென்ட், வீட்டுக்கு விடமாட்டாங்க. போன் ராத்திரி கொஞ்ச நேரம் கைல கெடைக்கும், அதுல குளிக்கணும், துணி துவைக்கணும், மறுநாளைக்கு ரெடி பண்ணணும், ஃப்ரெண்ட்ஸுக்கு மெசேஜ் பண்ணணும், மிச்சம்தான் நமக்கு. போன் வரலன்னா ஏதோ ஆயிருச்சுன்னு நெனைக்காதீங்க, டயர்டா தூங்கிட்டான்னு அர்த்தம். வந்தா அவன் பேசறத கேளுங்க. "அழறியாடா, யாராவது திட்டினாங்களா"ன்னு நாமளே எடுத்துக் கொடுத்தா அவன் அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்தது ஒடஞ்சிரும், அப்புறம் அஞ்சு நிமிஷத்துல போன வச்சிட்டு அவன் பாட்டுக்கு பங்க்ல உக்காந்திருப்பான், நாம இங்க முழிச்சிட்டு இருப்போம். "இன்னிக்கு என்ன சாப்பாடு, பக்கத்து பெட்ல யாரு"ன்னு கேளுங்க, அதுலயே எல்லாம் வந்துரும்.

ஒரு கேள்வி மட்டும் கண்டிப்பா கேளுங்க, உடம்பு. காய்ச்சல், கால் வலி, மூச்சு வாங்கறது எதுவா இருந்தாலும் "ரிப்போர்ட் சிக் போனியா"ன்னு (அங்க டாக்டர்கிட்ட காட்டினியான்னு) கேளுங்க. மத்த பசங்க கெங் அடிக்கறான்னு (நடிச்சு ஏமாத்தறான்னு) சொல்லிருவாங்களோன்னு நெறைய நல்ல பசங்க வலிய மறைச்சுக்கிட்டு ஓடறாங்க, எம்ஓவ (ராணுவ டாக்டர) பாத்தா எக்ஸ்க்யூஸ் (சில பயிற்சிலேந்து விலக்கு) கொடுப்பாங்க, ரெஸ்ட் கொடுப்பாங்க, டிரெய்னிங்க விட்டுருவோமேன்னு பயம் வேற. அம்மா அப்பா வாயால "நீ போய்க் காட்டு, அதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு தடவ கேட்டா அவனுக்கு அது போதும். அங்க பாதுகாப்பு பாக்கறாங்களான்னு கேட்டா, பாக்கறாங்க, வரிசையா நிக்க வச்சு தண்ணி குடிக்க வைக்கறாங்க, ஏழு மணி நேரம் ரெஸ்ட் ரூல்லயே இருக்கு, சில சாவுங்க நடந்ததுக்கு அப்புறம் 2019ல பாதுகாப்ப கண்காணிக்கறதுக்குன்னே இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ் ஒண்ணு வச்சாங்க. ஆனா உள்ள வலிக்குதுன்னு அவன்தான் வாயத் தெறக்கணும். மனசு சரியில்ல, தூக்கமே வரல, சாப்பிட புடிக்கலன்னு ரெண்டு மூணு நாள் தொடர்ந்து சொன்னா அத சாதாரணமா எடுத்துக்காதீங்க, பிளட்டூன் கமாண்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, எஸ்ஏஎஃப் கவுன்சலிங் ஹாட்லைன் இருக்கு, தேவைன்னா நீங்களே கம்பெனிக்கு போன் பண்ணுங்க. இதுக்குத்தான் அந்த நம்பர். சார்ஜன்ட் சத்தம் போட்டார், பெட் சரியில்லன்னு மறுபடி போடச் சொன்னார்னு எல்லாம் கூப்பிடாதீங்க, அத அவன் சமாளிக்கட்டும்.

முதல் புக் அவுட் (வார லீவுல வீட்டுக்கு வர்றது)

பாசிர் ரிஸ்ல பஸ்லேந்து எறங்கி வர்றப்ப நம்ம பையன கண்டுபுடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும், எல்லாம் ஒரே தலை, ஒரே கருப்பு. வீட்டுக்கு வந்ததும் குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான், மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்குவான். தூங்க விடுங்க. நான் பாத்த வரைக்கும் நம்ம வீடுகள்ல நடக்கறது என்னன்னா, சனிக்கிழமை காலைல வீரமாகாளியம்மன் கோயில், மத்தியானம் பெரியப்பா வீட்ல விருந்து, சாயங்காலம் ஊர்ல இருக்கற பாட்டிக்கு வீடியோ கால், ஞாயித்துக்கிழமை இன்னொரு விருந்து, சாயங்காலம் அவன் பைய தூக்கிட்டு புக் இன் பண்ணப் போறான், தூங்கவே இல்ல. கோயிலுக்கு நீங்க போய் அர்ச்சனை பண்ணிட்டு திருநீறு கொண்டு வந்து பூசுங்க, சாமி கோச்சுக்காது. பாட்டிக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் பேச வைங்க, அவங்க அங்க தூங்காம இருப்பாங்க.

என்ன சமைக்கறதுன்னு முன்னாடியே போன்ல கேட்டுக்கோங்க. நான் பிரியாணி, மீன் குழம்புன்னு லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன், அவன் கேட்டது ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.

துணி விஷயம். பேக தொறந்தா ஒரு வாடை அடிக்கும், நம்பர் ஃபோர் (பயிற்சி யூனிஃபார்ம்) சட்டை பாக்கெட் ஓரத்துல, தையலுக்குள்ள எல்லாம் செம்மண் காஞ்சு போய் இருக்கும், மெஷின்ல போட்டா போகாது, ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்க்கணும். முதல் வாரம் நீங்க பண்ணிக் கொடுங்க, அடுத்த வாரத்துலேந்து அவனே பண்ணட்டும், அங்க அவனேதான் பண்றான். முகத்துல பூசற கேமோ கிரீம் காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே இருக்கும், வெள்ளை தலகாணி உறைய எடுத்துட்டு பழைய உறை எதாவது மாட்டி வைங்க.

ஃபீல்ட் கேம்ப் லெட்டர்

பிஎம்டி (தெக்கோங்ல நடக்கற அடிப்படைப் பயிற்சி) சாதாரணமா 9 வாரம், எடை அதிகம்னாலோ ஃபிட்னஸ் கம்மின்னாலோ இன்னும் நீளம். நடுவுல ரைஃபிள் சுடறது, கிரெனேட் எறியறது, ரூட் மார்ச் எல்லாம் வரும், ஆனா பசங்க பேசறது ஃபீல்ட் கேம்ப்ப பத்திதான். அஞ்சாறு நாள் காட்டுல, குளியல் கெடையாது, பவுடர் போட்டுக்கணும், பாக்கெட் சாப்பாடு, மண்ணுல படுக்கற அளவுக்கு அவனே பள்ளம் தோண்டணும், மழை பேஞ்சா அந்தப் பள்ளத்துல தண்ணி. அதுல ஒரு ராத்திரி வீட்லேந்து வந்த லெட்டர கொடுப்பாங்க, அதுக்காக நம்மகிட்ட முன்னாடியே எழுதி வாங்குவாங்க. கேட்டாங்கன்னா தயவு செஞ்சு எழுதுங்க, "எனக்கு எழுத வராது"ன்னு விட்டுடாதீங்க, பக்கத்துல எல்லாருக்கும் லெட்டர் வர்றப்ப நம்ம பையன் கை சும்மா இருக்கக் கூடாது.

அவனுக்கு எது வேகமா படிக்க வருமோ அந்த மொழில எழுதுங்க, டார்ச் வெளிச்சத்துல எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்காதீங்க, கடைசில ஒரு வரி மட்டும் தமிழ்ல உங்க கையெழுத்துல போடுங்க. நாட்டுக்காக, வீரம், ஆம்பளைன்னு எல்லாம் அதுல வேணாம், அத அங்க தெனமும் கேக்கறான். கிச்சன் குழாய் இன்னும் ஒழுகுது, அப்பா தானே சரி பண்றேன்னு சொல்லிட்டு இருக்கார், தங்கச்சி உன் ரூம்ல உக்காந்து படிக்கறா, கீழ் பிளாக் பூனை குட்டி போட்டிருக்கு, இப்படி வீட்ட எழுதுங்க. அப்பா தனியா ஒண்ணு எழுதணும். நம்ம அப்பாக்கள் பிள்ளைங்ககிட்ட நேர்ல சொல்லாததெல்லாம் பேப்பர்ல வரும், எங்க வீட்டுக்காரர் நாலே வரிதான் எழுதினாரு, என்ன எழுதினாருன்னு ரெண்டு பேரும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் சொல்லல, ஆனா அந்தப் பேப்பர் பையனோட பர்ஸ்ல மடிச்சு இருக்கு.

கடைசில 24 கிலோமீட்டர் ரூட் மார்ச், அப்புறம் பாஸிங் அவுட் பரேட். முன்னாடி மரினா பே ஃப்ளோட்ல (தண்ணில மிதக்கற மேடை) நடக்கும், அங்க இப்ப என்எஸ் ஸ்கொயர் கட்டறாங்க, அதனால உங்க பேட்ச்சுக்கு எங்கன்னு லெட்டர்ல பாத்துக்கோங்க. சீக்கிரம் போய் உக்காருங்க, தண்ணி, தொப்பி, கால் வலிக்கு அவனுக்கு சாதா செருப்பு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. தொப்பிய தூக்கிப் போடற நிமிஷத்த போன்ல எடுக்கறதுக்காக பையன பாக்காம விட்டுடாதீங்க.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் லீவு, பிறகு போஸ்டிங், ஆபீசர் ஸ்கூலோ, ஸ்பெஷலிஸ்ட் ஸ்கூலோ, ஏதாவது யூனிட்டோ. எது வந்தாலும் "ஏன் உனக்கு ஆபீசர் கெடைக்கல, அந்த ஆன்ட்டி பையனுக்கு கெடைச்சிருக்கே"ன்னு மட்டும் கேக்காதீங்க, அத கேக்க நம்ம சொந்தக்காரங்க நெறைய பேர் வரிசைல நிக்கறாங்க. மாசாமாசம் வர்ற அலவன்ஸ் (2025 ஜூலைலேந்து ரெக்ரூட்டுக்கு 790 வெள்ளி) அவன் அக்கவுன்ட்லயே இருக்கட்டும், வீட்டுச் செலவுக்கு கேக்காதீங்க. இந்த லீவுல ஊருக்குப் போய் குலதெய்வக் கோயில்ல மொட்டை போடணும்னு வேண்டிக்கிட்டிருந்தா, அவனுக்கு வெளிநாடு போக பர்மிஷன் கெடைச்சு கைல வந்ததுக்கு அப்புறம் திருச்சி டிக்கெட்ட போடுங்க, மொட்டைக்கு அவன் தலைல முடி கொஞ்சம் வளரட்டும்னு அம்மனும் காத்துக்கிட்டு இருப்பா.